பத்தியம் முறியவில்லை, மருத்துவர்களே

மதிப்பிற்குரிய குடல் இரைப்பை மருத்துவர்களுக்கும், அவர்கள் எடுத்தனுப்பும் திசுவை நுண்ணோக்கியில் பார்த்து ரிப்போர்ட் எழுதும் நோயியல் மருத்துவர்களுக்கும் வணக்கம்.

என் அக்காவிடம் ஒரு நோட்டு இருந்தது. காலையில் எழுந்ததிலிருந்து இரவு படுக்கும்வரை வாய்க்குள் போனது எல்லாம் அதில் தேதி, நேரத்தோடு இருக்கும். விழுங்கிய மாத்திரையின் பெயர், அதன் உறையில் அச்சிட்டிருந்த சேர்மானங்கள், பற்பசை, உதட்டுக்குப் பூசும் களிம்பு என்று எதையும் விட்டதில்லை. அவளுக்கு இருந்தது சீலியாக் நோய்: கோதுமை, பார்லி போன்றவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தைச் சாப்பிட்டால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலைக் கெடுக்கும் நோய். அது உள்ளவர்கள் பலர் தொடக்கத்தில் இப்படி எழுதுவார்கள், பழகியதும் விட்டுவிடுவார்கள். அக்கா பத்தியம் நன்றாகப் பழகி நான்கு வருடம் கழித்துத்தான் எழுத ஆரம்பித்தாள். மற்றவர்கள் தன்னை நம்ப வேண்டும் என்பதற்காக எழுதினாள்.

அவளுக்குச் சீலியாக் நோய் என்று தெரிந்தபோது வயது 51. அதற்கு முன் பல வருடம் ரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரைதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். குளூட்டனை நிறுத்தியதும் உடம்பு தேறியது, எடை கூடியது, முகம் தெளிந்தது. நான்கு வருடம் நன்றாகவே போனது. அப்புறம் பழைய வயிற்றுப்போக்கு திரும்பி வந்தது. எடை இறங்கியது. இரவில் உடை நனையும் அளவுக்கு வியர்த்தது. மருத்துவரிடம் போனோம். "எங்கேயோ குளூட்டன் உள்ளே போகிறது, இன்னும் கவனமாக இருங்கள்" என்றார். மூன்று மாதம் கழித்துப் போனபோதும் அதையேதான் சொன்னார்.

நான்காவது மாதத்தில் எண்டோஸ்கோபி செய்து முன்சிறுகுடலிலிருந்து திசு எடுத்தார்கள். ரிப்போர்ட் நான்கு வரி. குடலுறிஞ்சிகள் (சத்தை உறிஞ்சும் நுண் விரல்கள்) தேய்ந்திருக்கின்றன, மேலணிக்குள் (குடலின் உட்பக்க உறைக்குள்) லிம்போசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் கூடுதலாக இருக்கின்றன, சீலியாக் நோயோடு ஒத்துப்போகிறது, உணவுமுறையைச் சரிபார்க்கவும். அந்தக் கடைசி வரி எங்கள் வீட்டில் தீர்ப்பு மாதிரி ஆகிவிட்டது. நானே ஒருநாள் அவளிடம் கேட்டேன்: "உண்மையைச் சொல்லு அக்கா, யாருக்கும் தெரியாமல் ஏதாவது சாப்பிடுகிறாயா?" அவள் பதில் பேசவில்லை. நோட்டை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

15வது மாதம் ஒரு விடியற்காலையில் குடலில் ஓட்டை விழுந்து அவசர அறுவை சிகிச்சைக்குப் போனாள். அப்போது அவள் எடை 37 கிலோ. வெட்டியெடுத்த இடைச்சிறுகுடலில் இருந்தது டி செல் லிம்போமா, அதாவது லிம்போசைட்டுகளில் ஒரு வகையான டி செல்லில் வரும் புற்று. சீலியாக் நோயோடு சேர்ந்து வருகிற, குடலைப் பிடிக்கிற வகை. ஐந்து மாதத்தில் போய்விட்டாள்.

அந்த ஐந்து மாதத்தில்தான் வேறொரு மையத்தில் இருந்த நோயியல் மருத்துவர் ஒருவர் பழைய பயாப்ஸித் திசுவைப் பதித்து வைத்திருந்த மெழுகுக் கட்டியை வரவழைக்கச் சொன்னார். அதிலிருந்து புதிதாகச் சீவல்கள் எடுத்து, டி செல்களில் இருக்கும் சிடி3, சிடி8 என்ற இரண்டு புரதங்களைக் காட்டும் சாயங்கள் போட்டுப் பார்த்தார். மேலணிக்குள் இருந்த லிம்போசைட்டுகளில் பெரும்பாலானவை சிடி3 காட்டின, சிடி8 காட்டவில்லை. டி செல் ஏற்பியின் மரபணுவைச் சோதித்ததில் அவை எல்லாம் ஒரே குளோன், அதாவது ஒரே செல்லிலிருந்து பெருகியவை. குடலில் வந்த புற்றில் இருந்ததும் அதே குளோன். குடல் ஓட்டையாவதற்கு 11 மாதம் முன்பே விடை ஓர் அலமாரியில், மெழுகுக்குள் இருந்திருக்கிறது. என் அக்கா ஒருநாளும் பத்தியத்தை முறிக்கவில்லை.

எங்களைப் பார்த்த மருத்துவர் அக்கறை இல்லாதவர் என்று நான் நினைக்கவில்லை. குளூட்டனை விட்ட பிறகும் தொந்தரவு தீராதவர்களில் அதிகம் பேருக்குக் காரணம், தெரியாமல் உள்ளே போகிற குளூட்டன்தான். அவர் சொன்னது பெரும்பாலானவர்களுக்குச் சரியாகவே இருந்திருக்கும். மிச்சம் இருப்பவர்களுக்காக இந்த மடலை எழுதுகிறேன்.

இந்த நோய்க்கும் குடல் லிம்போமாவுக்கும் உள்ள தொடர்பு புதிதாகக் கண்டுபிடித்த ஒன்றா என்றால், இல்லை. 1937லேயே ஃபேர்லி, மெக்கி என்ற இருவர், கொழுப்பு செரிக்காமல் கழிகிற நோயாளிகளிடம் லிம்போமாவும் இருப்பதை எழுதி வைத்தார்கள். லிம்போமாதான் குடலைக் கெடுக்கிறது என்று அப்போது நினைத்தார்கள். 1962ல் காஃப், ரீட், நேயிஷ் மூவரும் அதைத் திருப்பிப் போட்டார்கள்: குடல் முதலில் கெடுகிறது, லிம்போமா பின்னால் வருகிறது. அந்தப் புற்று எந்தச் செல்லிலிருந்து வருகிறது என்பதில் கொஞ்ச காலம் குழப்பம் இருந்தது. 1985ல் பீட்டர் ஐசக்சன் குழுவினர் அது டி செல்தான் என்று காட்டினார்கள். 1989ல் ஹோம்ஸும் மற்றவர்களும் 210 நோயாளிகளைப் பல வருடம் கவனித்து, ஐந்து வருடத்துக்கு மேல் கண்டிப்பாகக் குளூட்டனை விட்டவர்களுக்குப் புற்றுநோய் அபாயம் மற்ற மக்களைவிடக் கூடுதலாக இல்லை என்று எழுதினார்கள். இதெல்லாம் உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அக்காவின் நான்கு வரி ரிப்போர்ட்டில் மட்டும் அதற்கு இடம் கிடைக்கவில்லை.

இடையில் ஒரு வார்த்தை, சீலியாக் நோயோடு வாழ்கிறவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்காக. பயந்துவிடாதீர்கள். உலகில் ஏறத்தாழ நூறு பேரில் ஒருவருக்குச் சீலியாக் நோய் இருக்கிறது. அதில் பத்தியத்துக்கு அடங்காத நிலைக்குப் போகிறவர்கள் வெகு சிலர். லிம்போமா வரை போகிறவர்கள் அதைவிடக் குறைவு. ஸ்வீடனில் 7,600க்கும் மேற்பட்ட சீலியாக் நோயாளிகளை வைத்துச் செய்து 2013ல் வெளியான ஆய்வு, மறு பயாப்ஸியில் குடல் ஆறியிருந்தவர்களுக்கு லிம்போமா போன்ற ரத்தப் புற்றுகளின் அபாயம் பொதுமக்களுக்கு இருப்பதைப்போல் சுமார் 1.5 மடங்கு என்றும், குடலுறிஞ்சிகள் தேய்ந்தே கிடந்தவர்களுக்குச் சுமார் 3.8 மடங்கு என்றும் சொன்னது. மடங்கு பெரிதாகத் தெரிந்தாலும், அடிப்படை எண்ணிக்கை சிறியது. பத்தியத்தை விட்டுவிடாதீர்கள், குடல் ஆறியதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அவ்வளவுதான்.

சரி, மருத்துவர்களிடம் திரும்பி வருகிறேன்.

குளூட்டன் இல்லாத பத்தியத்தைக் கண்டிப்பாக 6 முதல் 12 மாதம் இருந்தும் தொந்தரவும் குடலுறிஞ்சித் தேய்வும் போகவில்லை, அல்லது போய்விட்டுத் திரும்பி வந்தன, வேறு காரணமும் கிடைக்கவில்லை என்றால், நீங்கள் அதை ரெஃப்ராக்டரி சீலியாக் என்கிறீர்கள். அதில் இரண்டு வகை. முதல் வகையில் மேலணிக்குள் இருக்கும் லிம்போசைட்டுகள் எண்ணிக்கையில் கூடியிருக்கும், குணத்தில் மாறியிருக்காது. இரண்டாம் வகையில் அவை மாறிவிட்டன: உள்ளே சிடி3 வைத்திருந்தும் மேற்பரப்பில் சிடி3 இல்லை, சிடி8 இல்லை, டி செல் ஏற்பி இல்லை. எல்லாம் ஒரே தாய்ச் செல்லின் பிள்ளைகள். பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2009ல் வெளியிட்ட கணக்கில், முதல் வகையில் ஐந்து வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 93 சதவீதம், இரண்டாம் வகையில் 44 சதவீதம். இரண்டாம் வகைக்காரர்களில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிப் பேர் வரை ஐந்து வருடத்துக்குள் லிம்போமாவுக்குப் போகிறார்கள். இரண்டும் வெளியே பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். அதே வயிற்றுப்போக்கு, அதே எடை இழப்பு. வழக்கமான சாயத்தில் நுண்ணோக்கியிலும் ஒரே படம்தான். சிடி8 சாயம் போடாதவரை வித்தியாசம் கண்ணுக்குப் படாது.

இந்தச் செல்கள் ஏன் இப்படி ஆகின்றன என்பதை அக்கா போன பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். குளூட்டனால் எரிச்சலடைந்த மேலணி இன்டர்லூக்கின்-15 என்ற பொருளை அதிகமாகச் சுரக்கிறது. மேலணிக்குள் காவலிருக்கும் லிம்போசைட்டுகளுக்கு அது உரம். உரிய நேரத்தில் சாக வேண்டியவையும் சாகாமல் நின்று, பக்கத்திலுள்ள குடல் செல்களைக் கொல்கின்றன. வருடக்கணக்கில் இப்படியே போகும்போது அவற்றில் சிலவற்றுக்கு ஜாக்1, ஸ்டாட்3 போன்ற மரபணுக்களில் மாற்றம் ஏற்பட்டு, கொஞ்சம் உரத்துக்கே அளவுக்கு மீறி வளரும் குணம் வந்துவிடுகிறது. வேலி பயிரை மேய்வது சீலியாக்கில் முதல் நாளிலிருந்தே நடக்கிறது. இரண்டாம் வகையில் அந்த வேலி வேர்விட்டுக் காடாகிவிடுகிறது. அந்தக் கட்டத்தில் குளூட்டனை நிறுத்தினாலும் அது நிற்பதில்லை. அக்கா எவ்வளவு கவனமாக இருந்தும் ஏன் தேறவில்லை என்பதற்கு எனக்குக் கிடைத்த விடை இதுதான். அவளிடம் அப்படிக் கேட்ட அன்று இது எனக்குத் தெரியாது.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

குடல் மருத்துவர்களே, பத்தியத்தில் நன்றாக இருந்த ஒருவர், குறிப்பாக ஐம்பதைத் தாண்டியவர், மறுபடி எடை இழந்து வந்தால், "கவனமாக இருங்கள்" என்று அனுப்புவதற்குப் பதிலாக அந்தச் சந்தேகத்தைச் சோதித்துத் தீர்த்துவிடுங்கள். சீலியாக் தெரிந்த உணவியல் நிபுணர் ஒருவர் ஒரு மணிநேரம் உட்கார்ந்து பேசினால் பெரும்பாலும் தெரிந்துவிடும். மலத்திலும் சிறுநீரிலும் குளூட்டன் துணுக்குகளைத் தேடும் சோதனையும் இப்போது இருக்கிறது. சீலியாக்கில் கூடுகிற டிடிஜி என்ற எதிர்ப்பொருள் அக்காவின் ரத்தத்தில் இயல்பான அளவிலேயே இருந்தது. அதைப் பார்த்து அவள் பொய் சொல்லவில்லை என்று யாரும் யோசிக்கவில்லை. அந்த எண் இயல்பானதால் குடலும் ஆறிவிட்டது என்று நினைப்பதும் தவறு. குடல் ஆறியதா என்பதைத் திசுதான் சொல்லும். பெரியவர்களுக்கு ஆற வருடங்கள் ஆகும் என்பதும் உண்மைதான்: 2010ல் வெளியான ஓர் ஆய்வில் இரண்டு வருடத்தில் மூன்றில் ஒருவருக்கும், ஐந்து வருடத்தில் மூன்றில் இருவருக்கும்தான் ஆறியிருந்தது. மெதுவாக ஆறுகிறவரும் எடை இறங்கிக்கொண்டே வருகிறவரும் ஒன்றல்ல என்பதை மட்டும் பாருங்கள்.

குளூட்டன் இல்லை என்று உறுதியானால் மற்ற காரணங்களைத் தேடுவீர்கள். முதலில் சொன்ன சீலியாக் நோயே சரிதானா, நுண்ணிய பெருங்குடல் அழற்சியா, சிறுகுடலில் கிருமிப் பெருக்கமா, கணையச் சுரப்புக் குறைவா, ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் ஓல்மிசார்ட்டான் மாத்திரையா என்று. அந்த மாத்திரை சீலியாக் மாதிரியே குடலைத் தேய்க்கும் என்பதை நான் படித்தபோது ஆச்சரியப்பட்டேன். இந்தத் தேடல் நடக்கும்போதே திசுவையும் எடுங்கள். ஸ்டீராய்டு ஆரம்பிப்பதற்கு முன்னால் எடுங்கள். ஸ்டீராய்டில் நோயாளிக்குத் தற்காலிகமாகச் சுகம் தெரியும், மாறிப்போன செல்கள் அப்படியே இருக்கும்.

திசு எடுக்கும்போது இன்னும் ஒரே ஒரு காரியம். எடுத்த துண்டுகள் எல்லாவற்றையும் பதப்படுத்தும் ஃபார்மலின் திரவத்தில் போட்டுவிடாதீர்கள். மாறிப்போன செல்களைத் துல்லியமாக எண்ண, செல்களை ஒவ்வொன்றாகக் கருவியில் செலுத்திப் பார்க்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி வேண்டும், அதற்கு ஃபார்மலின் படாத திசு வேண்டும். அந்தச் சோதனை வசதி உள்ள மையத்திடம் முன்கூட்டியே பேசி, சில துண்டுகளைத் தனிக் குப்பியில் அன்றைக்கே அனுப்ப ஏற்பாடு செய்யலாம். எண்டோஸ்கோபி முடிந்த பிறகு யோசித்தால், நோயாளி மறுபடி குழாயை விழுங்க வேண்டும். 40 கிலோவுக்குக் கீழே இறங்கிவிட்ட ஒருவருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

நோயியல் மருத்துவர்களே, உங்களிடம் கேட்பது இன்னும் எளிது. பத்தியத்தில் இருக்கும் சீலியாக் நோயாளியின் மறு பயாப்ஸியில் குடலுறிஞ்சிகள் தேய்ந்தே இருந்தால், யாரும் கேட்கும்வரை காத்திருக்காமல் சிடி3, சிடி8 சாயங்களை நீங்களே போடுங்கள். இரண்டும் உங்களுக்குப் பழக்கமான சாயங்கள்தான். மெழுகுக் கட்டியிலேயே போடலாம், புதுத் திசு வேண்டாம். சிடி3 உள்ள செல்களில் பாதிக்கு மேல் சிடி8 இல்லை என்றால் அதை ரிப்போர்ட்டில் தெளிவாக எழுதுங்கள். இதற்கு எல்லை உண்டு என்பதும் எனக்குத் தெரியும். காமா-டெல்டா வகை டி செல்களும் சிடி8 இல்லாமல் இருக்கும், சாதாரண சீலியாக்கிலேயே அவை கூடியிருக்கும். ஒரே குளோன் என்று காட்டும் சோதனையும் சில நேரம் ஏமாற்றும். அதனால்தான் ஃப்ளோ சைட்டோமெட்ரி. அதில் மாறிய செல்கள் 20 முதல் 25 சதவீதத்தைத் தாண்டினால் இரண்டாம் வகை என்று எடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் சாயம் மட்டுமே முடிவைச் சொல்லிவிடாது. ஆனால் யாரை அந்த அடுத்த சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்பதைச் சொல்லும்.

"உணவுமுறையைச் சரிபார்க்கவும்" என்ற வரியையும் ஒருமுறை யோசித்துப் பாருங்கள். நீங்கள் நல்லெண்ணத்தில்தான் எழுதுகிறீர்கள். நோயாளியின் வீட்டில் அது வேறு மாதிரிப் படிக்கப்படுகிறது. "உணவுமுறை சரியாக இருந்தால் ரெஃப்ராக்டரி சீலியாக்கை யோசிக்கவும்" என்று இன்னும் சில சொற்கள் சேர்த்திருந்தால், நான் அன்றைக்கு அக்காவிடம் அப்படிக் கேட்டிருக்க மாட்டேன்.

இரண்டாம் வகை என்று தெரிந்துவிட்டால் என்ன ஆகிவிடும், மருந்து இருக்கிறதா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நிச்சயமான மருந்து இல்லை. காப்ஸ்யூலைத் திறந்து கொடுக்கும் பியூடசோனைடு என்ற ஸ்டீராய்டு குடலைக் கொஞ்சம் ஆற்றுகிறது. கிளாட்ரிபின் என்ற கீமோ மருந்து, நோயாளியின் சொந்த ஸ்டெம் செல் மாற்று போன்றவை சிலருக்குக் கைகொடுத்திருக்கின்றன. இன்டர்லூக்கின்-15ஐத் தடுக்கும் மருந்தை வைத்து நடந்து 2019ல் வெளியான பரிசோதனை அதன் முதன்மை இலக்கை எட்டவில்லை. இவ்வளவும் தெரிந்துதான் சொல்கிறேன், வகை தெரிவதால் கிடைப்பது நிறைய. முதல் வகைக்குக் கொடுக்கும், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசாதயோபிரின் மருந்தை இரண்டாம் வகைக்குக் கொடுக்கக் கூடாது, லிம்போமாவை அது விரைவுபடுத்தும் என்ற அச்சம் இருக்கிறது. கேப்சூல் எண்டோஸ்கோபி, சி.டி. ஸ்கேன் அல்லது எம்ஆர் ஸ்கேன் வழி என்டரோகிராபி, பெட் ஸ்கேன், பலூன் என்டரோஸ்கோபி என்று சிறுகுடல் முழுவதையும் பார்க்கலாம். இந்த லிம்போமா பெரும்பாலும் இடைச்சிறுகுடலில்தான் வருகிறது. வழக்கமான எண்டோஸ்கோபிக் குழாய் அதுவரை போவதில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியம், உடம்பில் தெம்பு இருக்கும்போதே தெரிந்துவிடுவது. இங்கிலாந்தின் நியூகாசில் குழுவினர் 2010ல் வெளியிட்ட ஆய்வில், இந்த லிம்போமா வந்து, தீவிர கீமோதெரபியும் பிறகு சொந்த ஸ்டெம் செல் மாற்றும் கொண்ட சிகிச்சை பெற்ற 26 பேரில் ஐந்து வருடம் தாண்டி இருந்தவர்கள் சுமார் 60 சதவீதம். பழைய முறையில் சிகிச்சை பெற்றவர்களில் 22 சதவீதம்தான். அந்தத் தீவிர சிகிச்சையை உடம்பு தாங்கும் என்று கருதியவர்களுக்குத்தான் கொடுத்தார்கள், அதனால் இரண்டு எண்களையும் நேராக ஒப்பிட முடியாது. எனக்கு அதில் தென்பட்டது வேறு. தாங்கும் உடம்பு வேண்டும். 37 கிலோவில், ஓட்டை விழுந்த குடலோடு, ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் அடியோடு இறங்கிய நிலையில் வந்த அக்காவுக்கு அந்தச் சிகிச்சையை யாரும் பேசக்கூட இல்லை. 11 மாதம் முன்னால் அவள் எடை 49. தானாக மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தாள். அப்போது தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை, யாராலும் சொல்ல முடியாது. ஒரு வாய்ப்பைத் தொட்டுப் பார்த்திருப்பாள். தன்மேல் இருந்த சந்தேகம் தீர்ந்து ஒரு வருடமாவது இருந்திருப்பாள்.

சீலியாக் நோயாளிகளுக்கான அமைப்புகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது என்று நீங்கள் அச்சிடும் பட்டியல்கள் எங்களுக்குப் பெரிய உதவி. அவற்றின் கடைசிப் பக்கத்தில், பத்தியம் சரியாக இருந்தும் எடை இறங்கினால், காய்ச்சலும் இரவு வியர்வையும் வந்தால், வயிற்று வலி புதிதாக ஆரம்பித்தால், மறு பயாப்ஸியும் சிடி3, சிடி8 சாயமும் கேளுங்கள் என்று ஒரு பத்தி சேர்த்துவிடுங்கள். பயமுறுத்த வேண்டாம். கேட்க வேண்டிய சொல் என்ன என்று தெரிந்தால் போதும். எங்களுக்கு அந்தச் சொல் தெரியாமல் போனது.

இந்த நோய் உள்ளவரின் உடன்பிறந்தவர்களில் பத்தில் ஒருவர் அளவுக்கு அது இருக்கும். அக்காவுக்குத் தெரிந்த அதே வருடம் எனக்கும் சோதித்தார்கள், எனக்கும் இருந்தது. எனக்கு இன்றுவரை பெரிய தொந்தரவு இல்லை. அடுத்த மாதம் மறு பயாப்ஸி. குடலுறிஞ்சிகள் தேய்ந்திருந்தால் சிடி3, சிடி8 போட்டுப் பார்க்கும்படி கோரிக்கைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லி என் மருத்துவரிடம் கேட்டேன். ஏன் என்று கேட்டார். அக்காவின் இரண்டு ரிப்போர்ட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். சீட்டை வாங்கி எழுதினார்.

இப்படிக்கு,
நோட்டை மடியில் வாங்கிய தங்கை